பத்தாவது படுக்கையில் யார்?

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"ஐயா, நான் கணினி வேலை பார்ப்பவள். என் மகளை இரண்டு கோடைகள் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில் உள்ள ஏரிக்கரை முகாமுக்கு அனுப்பினேன். அப்போது தோன்றிய கதையை 212 பக்க நாவலாக எழுதிவிட்டேன். 2019 ஆகஸ்ட் 12 இரவு, 12 வயது யாழினி முகாமிலிருந்து காணாமல் போகிறாள். 1986-ல் அதே முகாமில் உரிமையாளரின் 9 வயது மகன் டேனி காணாமல் போய்க் கிடைக்காமலேயே போயிருக்கிறான். அந்த ஆண்டு சென்னையிலிருந்து வந்து அங்கே கவுன்சிலராக இருந்த மாணவர் எழிலன்தான் யாழினியின் அப்பா. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்கும் உரிமையாளர் மகள் கேரனுக்கும் ஒரு பெண் பிறந்தது அவருக்கே தெரியாது. டி.என்.ஏ. பரிசோதனையில் அது வெளிவருகிறது. இரண்டு குழந்தைகளையும் கடத்தியவர் முகாமின் காவலாளி ஹாங்க். படித்த மூன்று பேரில் இரண்டு பேர், 60-ஆம் பக்கத்திலேயே ஹாங்க்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாமவர், 'இதை ஏற்காட்டிலேயே வைத்திருக்கலாமே' என்கிறார். நான் எங்கே தவறினேன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வாசகனாக, இரண்டாவது தடவை சிவப்புப் பேனாவோடு. ஹாங்க் எனக்கு 60-ஆம் பக்கம் வரை தேவைப்படவில்லை, 22-ஆம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன். கன்னத்தில் தழும்பு, யாரோடும் பேசமாட்டார், ராத்திரியில் லாந்தரோடு நடக்கிறார். போதாக்குறைக்கு நாய் வேறு. மாத நாவல்களில் இப்படி ஒரு தோட்டக்காரர் வந்தால், அவர் நல்லவர் என்பது வாசகருக்கு 1980-களிலேயே தெரியும். நீங்கள் அவரை நிஜமாகவே கெட்டவராக்கியிருக்கிறீர்கள். அது ஒன்றுதான் எதிர்பாராத திருப்பம்.

ஹாங்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மூன்றாவது நண்பரின் கேள்வி. அவரைத் திட்டாதீர்கள், மூவரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். இந்தக் கதை ஏன் ஏற்காட்டில் நடக்க முடியாது?

நம் ஊரில் கோடை என்றால் பாட்டி வீடு. 'சம்மர் கேம்ப்' என்று போர்டு மாட்டியிருந்தால் பத்து நாள் நீச்சல், கொஞ்சம் அபாகஸ், கடைசி நாள் சான்றிதழ், சாயங்காலம் வீடு. அமெரிக்க முகாம் வேறு சங்கதி. கனெக்டிகட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் 1861-ல் தன் மாணவர்களைக் கூடாரம் அடித்துத் தங்க அழைத்துப் போனதிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள். நீங்கள் கதை வைத்திருக்கும் பக்கத்திலேயே, சாம்ப்ளேன் ஏரிக்கரையில், 1885-ல் தொடங்கிய ஒரு முகாம் இன்றும் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையை இரண்டு வாரம், நான்கு வாரம், சில இடங்களில் ஏழு வாரம்வரை விட்டுவிட்டு வருகிறார்கள். கைபேசி கூடாது. வாரம் ஒரு கடிதம் எழுதியே ஆக வேண்டும். சில முகாம்களில் ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டுக்கூடத்தில் நுழைய அந்தக் கடிதம்தான் டிக்கெட். பெற்றோர் அருகில் இல்லாதது அங்கே விபத்து அல்ல, ஏற்பாடே அதுதான்.

ஆனால் உங்கள் நாவலில் யாழினியின் அம்மா தினமும் போனில் பேசுகிறார்! நீங்களே மகளை அனுப்பியவர், உங்களுக்குத் தெரியாததா? எழுதும்போது கை தானாக நம் வீட்டுப் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் போன்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். அவை போனால் அந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று. 'கவுன்சிலர்' என்று 140 இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் சாக்கடை அடைப்பும் வார்டு தேர்தலும்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் வாயில் 'முகாம் அண்ணன்', 'அக்கா' என்று வரட்டும். கதை சொல்கிறவர் வாயில் 'பொறுப்பாளர்' போதும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முகாமின் நாள் முழுக்கப் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே வேலை: தலை எண்ணுவது. நியூயார்க் மாநிலத்தில் ராத்தங்கல் முகாம்களுக்குச் சுகாதாரத்துறை அனுமதி வேண்டும், எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் வேண்டும். எட்டு வயதும் அதற்கு மேலும் என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், அதற்குக் கீழே என்றால் எட்டுக்கு ஒருவர் என்று விதியே இருக்கிறது. ஏரியில் இறங்கும் முன் பலகையில் பெயர் வில்லையை மாட்ட வேண்டும். எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் நீந்த வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு விசில், உடனே ஜோடிகள் கைகோத்து உயர்த்த, கரையில் எண்ணுவார்கள். சாப்பாட்டு மேசையில் எண்ணுவார்கள், மலையேறப் போனால் எண்ணுவார்கள், ராத்திரி விளக்கணைத்த பிறகும் எண்ணுவார்கள். ஏற்காட்டில் வைக்க முடியாதது இதுதான். இத்தனை தடவை எண்ணுகிற இடத்தில் ஒரு குழந்தை குறைந்தால், எங்கோ ஒருவர் எண்ணாமலே எண்ணினேன் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் 37-ஆம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 1986. போலீஸ்காரர் கேட்கிறார். எழிலன் சொல்கிறார்: "ராத்திரி பத்தரைக்கு எண்ணினேன். பத்துப் பேரும் இருந்தாங்க." அதோடு அத்தியாயம் முடிகிறது. அந்த வரிக்கு நீங்கள் திரும்பவே இல்லை. அடுத்த 175 பக்கம் ஹாங்கின் லாந்தருக்குப் பின்னால் ஓடுகிறீர்கள்.

அம்மா, நாவல் அந்த வரியில் இருக்கிறது. அவர் எண்ணவில்லை.

அன்றிரவு பத்தரைக்கு எழிலன் எங்கே இருந்தார் என்று உங்களுக்கே தெரியும், 90-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: படகுக் கொட்டகையில், கேரனோடு. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். பல முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் படுத்த பிறகு பொறுப்பாளர்கள் எல்லாரும் அறையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருவர் மட்டும் முறை வைத்து மூன்று நான்கு குடில்களுக்குச் சேர்த்துக் காவல் உட்காருவார், மற்றவர்கள் ஊழியர் கூடத்துக்குப் போய்விடுவார்கள். அன்று எழிலன் முறை. கொட்டகைக்குப் போகும் முன்போ பின்போ கொசுவலைக் கதவு வழியே எட்டிப் பார்த்திருப்பார். பத்துப் படுக்கை, பத்தும் மேடாகத்தான் இருந்திருக்கும். ஒன்பது வயதுப் பையனுக்கு முன்கூட்டியே தலையணையைப் போர்வைக்குள் வைக்கத் தெரியாதா?

அந்தப் பொய்யின் எடை எவ்வளவு என்பதற்குத் தேடுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காட்டில் ஒருவர் தொலைந்தால் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு: கடைசியாக எங்கே பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு? அந்த இடத்தை நடுப்புள்ளியாக வைத்து, போன நேரத்தில் இந்த வயதுக் குழந்தை எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டு எல்லை குறிக்கிறார்கள். அந்த எல்லையின் பாதைகளிலும் சாலைகளிலும் ஆளை நிறுத்திவிட்டு உள்ளே தேடுகிறார்கள். டேனி எட்டரைக்கே, எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டான் என்று வையுங்கள். எழிலன் பத்தரை என்றார். இரண்டு மணி நேரம் தவறு. இடமும் தவறு, ஏனென்றால் அவன் குடிலிலிருந்து போகவே இல்லை, பாட்டு நடந்த இடத்திலிருந்து போனான். நூறு பேர் நல்லெண்ணத்தோடு தவறான வட்டத்துக்குள் தேடுகிறார்கள். எழிலனுக்கு அது தெரிகிறது. கேரனுக்கும் தெரிகிறது, காணாமல் போனவன் அவள் சொந்தத் தம்பி. அவருக்கு வயது இருபது, மாணவர் பரிமாற்ற விசா, உண்மையைச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். அவளுக்கு அப்பாவிடம் பயம். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சொல்வது முதல் நாள் சொல்வதைவிடக் கஷ்டம். மூன்றாம் நாள் கேட்கவே வேண்டாம்.

இதில் கடத்தல்காரர் எங்கே தேவைப்படுகிறார், சொல்லுங்கள்? குடும்ப மர்மக் கதைக்கு வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கொண்டுவந்தால் குடும்பத்தில் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். 60-ஆம் பக்கத்தில் உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்தது ஹாங்கை அல்ல. இந்தக் குடும்பத்தில் யார் மேலும் கை வைக்க உங்களுக்கு மனமில்லை என்பதைத்தான்.

தேடுதல் அத்தியாயத்தில் சில திருத்தங்கள். ஒரு மணி நேரத்தில் எஃப்.பி.ஐ. ஹெலிகாப்டரை இறக்கியிருக்கிறீர்கள். அந்தக் காட்டில் தேடுதலை நடத்துவது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் வனக்காவலர்கள். குற்றம் என்று சந்தேகம் வந்தால் மாநிலப் போலீஸ் விசாரிக்கும். 1986-ல் ஒரு போலீஸ்காரர் "டி.என்.ஏ. எடுங்கள்" என்கிறார். டி.என்.ஏ. கைரேகை முறை இங்கிலாந்தின் லெஸ்டரில் 1984-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, குற்ற வழக்கில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தியதே 1986-ல், அதுவும் அங்கேதான். அடிரோண்டாக் மலையின் போலீஸ்காரருக்கு அப்படி ஒரு முறை இருப்பதே தெரிந்திருக்காது. அடித்துவிடுங்கள்.

அடுத்து நிலா. 2019 ஆகஸ்ட் 12 இரவு 'கும்மிருட்டு' என்று மூன்று இடத்தில் வருகிறது. நாட்காட்டியைப் பார்த்தீர்களா? ஆகஸ்ட் 15 பௌர்ணமி, அந்த ஆண்டு ஆவணி அவிட்டமும் அன்றுதான். 12-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியும் ஏரி மேல் நிலா காய்ந்திருக்கும். இது போன்ற தவறைக் கண்டுபிடிக்கவென்றே சில வாசகர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் அந்தத் தேதியை மாற்ற வேண்டாம். ஆகஸ்ட் 12-ஐ ஒட்டித்தான் ஆண்டுதோறும் பெர்சியட் எரிகல் மழை உச்சத்துக்கு வரும். பிள்ளைகளைப் படுக்கையோடு படகுத்துறைக்குக் கூட்டிப்போய் வானம் பார்க்க வைப்பார்கள். எல்லாரும் இடம் மாறிப் படுத்திருக்கும் ராத்திரி. எந்தப் படுக்கை யாருடையது என்றே தெரியாது. எண்ணிக்கை பிசக இதைவிட நல்ல ராத்திரி உங்களுக்குக் கிடைக்காது. 1986-லும் அதே தேதியை வையுங்கள், அந்த ஆண்டு நிலா எப்போது மறைந்தது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2014-ல் ஆல்பனியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் அந்த மலைப்பக்கம் போனோம். 60 லட்சம் ஏக்கர், அதில் ஏறத்தாழ பாதி தனியார் நிலம், பாதி அரசு நிலம். அரசுக் காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே 'கேம்ப்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பிள்ளைகள் முகாம் ஒன்று. பணக்காரக் குடும்பங்கள் மரத்தடிகளால் கட்டிக்கொண்ட மாளிகை இன்னொன்று. நாற்பது ஐம்பது அறை இருந்தாலும் அடக்கமாக 'கேம்ப்' என்றுதான் சொல்வார்கள். சகமோர் என்று ஒன்று, 1897-ல் கட்டியது, 1901-ல் வாண்டர்பில்ட் குடும்பத்துக்குப் போனது. உங்கள் உரிமையாளர் குடும்பம் மேட்டில் ஒரு 'கேம்ப்'பிலும் பிள்ளைகள் பள்ளத்தில் இன்னொரு 'கேம்ப்'பிலும் இருப்பதாக வைத்தால், ஒரே சொல்லை வைத்தே பணத்தின் கதையைச் சொல்லிவிடலாம்.

நியூகாம் ஊர்ப் பக்கம் சான்டனோனி என்ற பழைய மாளிகைக்குக் காரில் போக முடியாது, ஐந்து மைல் நடந்தே போனோம். ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தவரின் மகன், ஆல்பனி வங்கிக்காரர், 1892-93-ல் கட்டியது. ஜப்பானியச் சாயல் தெரிகிற கூரை. உள்ளே எதுவும் இல்லை, காலி அறைகள். ஏன் காலி என்று தம்பி வழியில் சொன்னான். 1971 ஜூலையில் அப்போதைய உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த 8 வயதுப் பையன் அங்கே காணாமல் போனான். நூற்றுக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் இல்லை. அடுத்த ஆண்டே குடும்பம் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது, இப்போது அது அரசு நிலம். திரும்பி நடக்கும்போது நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

இதைச் சொல்வது உங்கள் கதைக்குச் சரக்காக அல்ல. அந்தச் சம்பவத்தின் சாயல் எதுவும் டேனியிடம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் இருப்பார்கள். வயது, மாதம், ஊர் மூன்றும் வேறாக இருக்கட்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை கிடைக்காத குடும்பத்தால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. உங்கள் உரிமையாளர் குடும்பமோ 33 ஆண்டுகள் அதே ஏரிக்கரையில் கோடைக்குக் கோடை மற்றவர்களின் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டிருக்கிறது. ஏன்? யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கேரன்தான் பதில் என்று நினைக்கிறேன்.

இப்போது டி.என்.ஏ. இங்கே நீங்கள் கணக்கில் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். யாழினியின் எச்சிலை அனுப்ப, முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு 25 சதவீதம் பொருத்தம் வருகிறது. உடனே குடும்பம் மயிலாப்பூர் தாத்தாவைச் சந்தேகிக்கிறது, 'சின்ன வீடு' என்று. பாட்டி மூன்று நாள் பேசாமல் இருக்கிறார். அந்த அத்தியாயம் பிரமாதம், சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் தாத்தாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவள் என்றால் யாழினிக்கு அவள் பாதி அத்தை. பொருத்தம் எட்டில் ஒரு பங்குதான் வரும், ஏறத்தாழ 12.5. கால் பங்கு வந்தால் அது அப்பா வழிப் பாதிச் சகோதரி, அல்லது தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பிறந்த முழு அத்தை. வெறும் சதவீதத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

பாட்டியைக் கைவிட வேண்டாம், அவருக்கு இன்னும் பெரிய வேடம் கிடைக்கிறது. எழிலனுக்கு முன் பாட்டிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிரசவத்திலேயே இறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று வையுங்கள். இப்போது அமெரிக்காவிலிருந்து பேத்தி, "எனக்கு ஒரு அத்தை இருக்கலாம்" என்கிறாள். பாட்டி மூன்று நாள் பேசாமல் இருப்பது கோபத்தால் அல்ல. அது பொய்யான நம்பிக்கை என்று பிறகு தெரியவரும்போது என்ன ஆகும் என்று எழுதுங்கள். தாத்தாவை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம்.

இந்தக் குழப்பம் நிற்க மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். அந்தப் பெண் தன் பூர்வீக விவரத்தையும் வயதையும் மறைத்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஐரோப்பா என்று பார்த்ததுமே கதை முடிந்தது. பெயருக்குப் பதில் இரண்டு முதலெழுத்து மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, எழிலன் எச்சில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அப்பா–மகள் என்று ஒரு நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் மகள் இருப்பது அவருக்கே தெரியாதபோது அவர் மிரண்டு மறுப்பது பொருந்தாது. சிக்கனம் என்று வையுங்கள். "மூணு கிட் எதுக்கு, ரெண்டு போதுமே" என்று சொல்கிற அப்பாவை நம்பாத தமிழ் வாசகர் கிடையாது. மூன்றாவது, யாழினிக்குப் 12 வயது, அவள் தானாக அனுப்ப முடியாது, பெற்றோர்தான் அனுப்ப வேண்டும். கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கும். அப்படியானால் முடிவை முதலில் பார்ப்பது யார்?

முடிச்சை அவிழ்க்க எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது. சில நிறுவனங்கள் அதன் ஒப்பீட்டையும் காட்டும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதை மகளுக்கு அப்படியே கொடுக்கிறார். ஆகவே ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பெண்களிடமும் அந்த எக்ஸ் முழுசாக ஒத்துப்போகும். அத்தை என்றால் துண்டு துண்டாகத்தான் ஒத்துப்போகும். உங்களைப் போன்ற கணினிக்காரர் இதை அரைப்பக்கத்தில் அழகாக எழுதிவிடுவீர்கள்.

ரத்தப் பிரிவை வைத்து வரும் 11-ஆம் அத்தியாயம் முழுதும் வேண்டாம். அமெரிக்க முகாமின் மருத்துவப் படிவத்தில் தடுப்பூசி, ஒவ்வாமை, மருந்து இவைதான் இருக்கும். ரத்தப் பிரிவைப் பள்ளி அடையாள அட்டையிலேயே அச்சடிப்பது நம்மூர் வழக்கம், அங்கே பலருக்குத் தன் பிரிவே தெரியாது. தவிர, ரத்தப் பிரிவு 'இவர் அப்பா இல்லை' என்று சொல்லும், 'இவர்தான் அப்பா' என்று சொல்லாது. அந்த 'இல்லை'யும் சில சமயம் பொய்யாகும். 1952-ல் பம்பாயில் கண்டுபிடித்த அபூர்வ வகை ரத்தம், சாதாரணப் பரிசோதனையில் ஓ பிரிவாகத்தான் தெரியும். சீரியல்காரர்களிடம் இதை விட்டுவிடுவோம்.

சரி, ஹாங்க். அவரைக் கொல்லாதீர்கள், ஜெயிலுக்கும் அனுப்பாதீர்கள். எனக்கு ஒரு யோசனை.

யாழினி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அமெரிக்கர் எப்படி வாசிப்பார்? நடுவில் ஒரு 'இசட்' வந்து உட்காரும். 'யாஸினி', 'யாஸ்ஹினி'. மகளை அங்கே வளர்க்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் எண்பது பேர் இரவெல்லாம் அப்படித்தான் கத்துகிறார்கள். தொலைந்த குழந்தைகள் பல சமயம் பதில் சொல்வதில்லை என்பது தேடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். திட்டு விழும் என்று பயம், அறிமுகமில்லாதவர்களிடம் பேசாதே என்று சொல்லி வளர்த்தது, இருட்டில் கத்துகிற குரல்களே ஒரு பயம். 1981-ல் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் தொலைந்து இறந்த பிறகு, 'தொலைந்தால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் திட்டம் ஒன்றே தொடங்கினார்கள். உங்கள் யாழினியும் ஒரு மரத்தடியில்தான் இருக்கிறாள். குரல்கள் கேட்கின்றன. அவள் பெயர் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

அப்போது ஒரு கிழவர் குரல், சுத்தமான ழகரத்தோடு: "யாழினி!"

அவள் எழுந்து வருகிறாள். ஹாங்க். சென்னையிலேயே பாதிப் பேருக்கு வராத எழுத்து அடிரோண்டாக் காவலாளிக்கு எப்படி வந்தது? 1986 கோடையில், தன் பெயரை யாரும் சரியாகச் சொல்லாத அந்த ஊரில், எழிலன் ஒரே ஒருவருக்கு நாக்கை மடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். தடயம் ஒலியில் இருக்கிறது. அங்கே இருக்கும் போலீஸ்காரர் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் நிற்கும் யாழினியின் அம்மாவுக்கு மட்டும் கேட்கும், வாசகருக்கும் கேட்கும். ஆங்கிலத்தில் எழுதினால் இந்தக் காட்சி கிடைக்காது.

யாழினி ஏன் காட்டுக்குள் போனாள் என்பதற்குப் பழைய பெட்டியில் கடிதம் கண்டெடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியும் கடிதமும் அலுத்துவிட்டது. அந்த முகாம்கள் பலவற்றில் ஒவ்வொரு கோடையும் குடிலில் இருந்தவர்கள் பெயர்களை மரப்பலகையில் எழுதிச் சாப்பாட்டுக்கூடச் சுவரிலோ உத்தரத்திலோ மாட்டிவைப்பார்கள். தினம் மூன்று வேளை அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ நிமிர்ந்து பார்க்கும்போது, 1986 பலகையில் அப்பாவின் பெயர். அவளுடைய பெயரில் இருக்கும் அதே வேண்டாத 'இசட்' அதிலும்.

காலத்தடங்கள் மூன்று வைத்திருக்கிறீர்கள்: 1986, 2019, தாத்தாவின் 1960-கள். ஒற்றைப்படை அத்தியாயம் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயம் இன்னொரு கதை என்று வளர்ந்தவர்கள் நாம், இரண்டு தடம் நமக்குப் பழக்கம். மூன்றாவது வேண்டாம். தாத்தா கதை தனி நாவலாகட்டும்.

இன்னொரு ஓட்டை. எழிலன் தன் மகளை அதே முகாமுக்கு எப்படி அனுப்பினார்? நீங்கள் அவருக்குத் தெரியாது என்கிறீர்கள், நம்ப முடியவில்லை. தெரிய வேண்டும். மனைவி பணம் கட்டிவிட்டு விளம்பரத் தாளைச் சமையலறை மேசையில் வைக்கிறாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடைசியில், "தண்ணி ஆழமா இருக்குமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறார். இரண்டாம் அத்தியாயத்தில் இது போதும். 33 ஆண்டு மௌனத்தை விளக்கும் நான்கு பக்கத் தனிமொழியை எடுத்துவிடலாம்.

போன்களை எடுத்தால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று சொல்வதாக இருந்தேன். போட்டோ. இப்போதெல்லாம் முகாம்கள் ராத்திரிதோறும் அன்றைய படங்களை இணையத்தில் ஏற்றுகின்றன. பெற்றோர் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான படங்களில் தன் பிள்ளையின் காதையாவது முழங்கையையாவது தேடுகிறார்கள். நீங்களும் தேடியிருப்பீர்கள். ஆகஸ்ட் 12, இரவு பதினொன்றரை. ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், எடிசனில், யாழினியின் அம்மா படகுத்துறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அந்தக் குடிலின் பிள்ளைகள் போர்வைக்குள் வரிசையாக. எண்ணுகிறாள். ஒன்பது. மறுபடி எண்ணுகிறாள். முகாமுக்குப் போன் செய்கிறாள், ஸ்பீக்கரில் போடுகிறாள். பக்கத்தில் எழிலன். மறுமுனையில் இருபது வயதுப் பையன் ஒருவன், தூக்கக் குரலில், கவலைப்படாதீர்கள் மேடம் என்கிறான். "பத்தரைக்கு எண்ணினேன். பத்துப் பேரும் இருக்காங்க."

அந்த வரியை வார்த்தை மாறாமல் 37-ஆம் பக்கத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். அடுத்த நிமிடம் எழிலன் என்ன செய்கிறார் என்பதை மட்டும் முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மற்றதை அப்புறம் திருத்தலாம்.